பெயர்ப் பேரேடு யார் கையில்?

அலுவலகத்தில் தபால் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு ஃபைல் தொலைந்துவிட்டது என்றால் பெரும்பாலும் ஃபைல் எங்கேயோ பத்திரமாகத்தான் இருக்கும். அது எங்கே போனது என்று எழுத வேண்டிய வரிதான் எழுதப்படாமல் விட்டுப்போயிருக்கும். இன்வர்ட் ரிஜிஸ்டர், டெஸ்பாட்ச் ரிஜிஸ்டர், செக்‌ஷனுக்குச் செக்‌ஷன் போய்வருவதைக் குறிக்கும் மூவ்மெண்ட் ரிஜிஸ்டர் என்று 34 வருடம் இவற்றோடுதான் எனக்குப் பிழைப்பு. ஓய்வுக்குப் பிறகு கம்ப்யூட்டர் பழகியபோது படமோ பாட்டோ என்னை அவ்வளவாக அசத்தவில்லை. ஒரு பெயரைத் தட்டினால் உலகத்தின் ஏதோ மூலையில் இருக்கும் யந்திரம் உடனே வந்து நிற்கிறதே, இதற்கான மூவ்மெண்ட் ரிஜிஸ்டரை யார் எழுதுகிறார், எந்த மேசையில் வைத்திருக்கிறார் என்ற கேள்விதான் விடவில்லை. பல மாதம் தேடிப் படித்தேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன். நம் வயதுக்காரர்களுக்குப் புரியாத சங்கதி எதுவும் இதில் இல்லை.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். வலைப்பின்னலில் இருக்கும் யந்திரங்களுக்கு உண்மையான அடையாளம் எண்தான், டெலிபோன் நம்பர் மாதிரி. மனிதனுக்கு எண் நினைவில் நிற்காது, அதனால் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த அன்றே, எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்லும் ஒரு பட்டியல் தேவைப்பட்டது.

இன்றைய இணையத்துக்கு முன்னோடி அமெரிக்க ராணுவத் துறையின் பணத்தில் 1969ல் தொடங்கிய அர்பாநெட். ஆரம்பத்தில் அதில் நான்கே இடங்கள். அப்போது பட்டியல் என்று பெரிதாக ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இடங்கள் கூடக்கூட, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்குத் தெரிந்த யந்திரங்களின் பட்டியலைத் தானே எழுதி வைத்துக்கொண்டது. ஒருவர் பட்டியலில் இருப்பது இன்னொருவர் பட்டியலில் இருக்காது. இருந்தாலும் பழசாக இருக்கும். 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச் என்பவர், இந்தக் கூத்து போதும், அதிகாரபூர்வமான ஒரே பட்டியலை ஓர் இடத்தில் வைத்து எல்லோரும் அதைப் பிரதி எடுத்துக்கொள்வோம் என்று ஒரு சுற்றறிக்கை எழுதினார். அப்படி வந்ததுதான் ஹோஸ்ட்ஸ் டெக்ஸ்ட் என்ற கோப்பு. சாதாரண எழுத்துக் கோப்பு, வரிக்கு வரி எண்ணும் பெயரும். அவ்வளவுதான்.

அதை வைத்திருந்த மேசை கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தது. நெட்வொர்க் இன்ஃபர்மேஷன் சென்டர் என்று பெயர், சுருக்கமாக நிக். நம் ஊரில் நிக் என்றதும் அரசு அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்து தரும் நேஷனல் இன்ஃபர்மாட்டிக்ஸ் சென்டர்தான் நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. இந்த அமெரிக்க நிக்கை நடத்தியவர் ஒரு பெண்மணி, எலிசபெத் ஃபைன்லர். மேற்கு வர்ஜீனியாவில் 1931ல் பிறந்தவர், வேதியியல் படித்தவர், அதற்கு முன் ரசாயன ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குச் சுருக்கமும் அட்டவணையும் தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். எல்லோரும் அவரை ஜேக் என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் அவரை பெட்டி ஜோ என்பார்களாம். குழந்தையாக இருந்த தங்கையின் வாயில் அது பேபி ஜேக் என்று வந்து, அதுவே நிலைத்துவிட்டது. உலகத்தின் பெயர்ப் பட்டியலைக் காத்தவரின் சொந்தப் பெயர் இப்படி மழலையில் திரிந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

ஃபைன்லர் அம்மையார் எஞ்சினியர் கிடையாது. யார் எங்கே இருக்கிறார், எதைக் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்லத் தெரிந்தவர். அவர் குழு பெயர்ப் பட்டியலோடு நிற்கவில்லை. வலையில் இருக்கும் ஆட்களின் பெயர், முகவரி, டெலிபோன் நம்பர் அடங்கிய டைரக்டரியைப் புத்தகமாக அச்சிட்டது. கேள்விகளுக்கு டெலிபோனில் பதில் சொன்னது. பெயரைக் கொடுத்தால் ஆளைச் சொல்லும் ஹூ-ஈஸ் என்ற சேவையையும் அங்கேயே நடத்தினார்கள். புதிதாக ஒரு யந்திரம் வைப்பவர் நிக்குக்கு எழுதுவார். அவர்கள் அந்தப் பெயர் ஏற்கனவே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பட்டியலில் ஏற்றுவார்கள். மற்றவர்கள் அவ்வப்போது அந்தக் கோப்பை முழுதாக இறக்கிக்கொள்வார்கள். பெயருக்கு விதியும் உண்டு. ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு, இவை மட்டும்தான். 24 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, எழுத்தில்தான் தொடங்க வேண்டும். (எண்ணில் தொடங்க 1989ல்தான் அனுமதி வந்தது.) இந்த விதியை மறக்க வேண்டாம், கடைசியில் தேவைப்படும்.

1981 ஆகஸ்டில் பட்டியலில் 213 யந்திரங்கள். 1984 அக்டோபரில் 1,024. ஒவ்வொரு புது யந்திரமும் இரண்டு விதத்தில் சுமை: பட்டியல் ஒரு வரி நீளும், பட்டியலை இறக்குபவர்களில் ஒருவர் கூடுவார். எம்.ஐ.டி. ஒரு யந்திரத்தின் எண்ணை மாற்றினால், அது கலிபோர்னியா மேசையில் பதிவாகி, நாடு முழுக்கப் பிரதி போய்ச் சேரும் வரை பழைய எண்ணில் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் ஏதோ ஒரு புராணப் பெயரைத் தன் யந்திரத்துக்கு வைத்தால், அந்தப் பெயர் உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. நம் செக்ரட்டேரியட்டில் எல்லாத் துறைக்கும் சேர்த்து ஒரே ஒரு இன்வர்ட் ரிஜிஸ்டர், ஒரே ஒரு குமாஸ்தா என்று வைத்தால் என்ன ஆகும்? அந்த நிலைமைதான். குமாஸ்தா திறமைசாலி என்பதால் கொஞ்ச காலம் தள்ளியது.

அப்போது தெற்குக் கலிபோர்னியாவில் ஜான் போஸ்டல் என்று ஒருவர். தாடியும் செருப்புமாக இருப்பார், யந்திர எண்களையெல்லாம் பங்கிட்டுக் கொடுப்பவர். அவர் தன்னிடம் வேலை பார்த்த பால் மொக்கபெட்ரிஸ் என்ற இளைஞரிடம், இதற்கு மாற்றாக வந்திருந்த ஐந்து திட்டங்களைக் கொடுத்து, இவற்றில் ஏதாவது ஒத்துவருமா, சமரசமாக ஒன்று செய்ய முடியுமா என்று பார்க்கச் சொன்னார். மொக்கபெட்ரிஸ் ஐந்தையும் ஒதுக்கிவிட்டு ஆறாவதாகத் தானே ஒன்று செய்தார். 1983 நவம்பரில் அது இரண்டு ஆவணங்களாக வெளியானது. டொமைன் நேம் சிஸ்டம், சுருக்கமாக டி.என்.எஸ். அதை இயக்கிய முதல் மென்பொருளுக்கு ஜீவ்ஸ் என்று பெயர்.

அவர் செய்தது என்னவென்றால், பேரேட்டைப் பிரித்துக் கொடுத்தார். ஒரே இடத்தில் எல்லாப் பெயரும் இருக்க வேண்டியதில்லை. மேலே இருப்பவருக்குத் தனக்கு அடுத்த கீழ்ப்படியில் யார் பேரேடு வைத்திருக்கிறார் என்று மட்டும் தெரிந்தால் போதும். நம் புதுச்சேரி அரசின் தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: பி.ஒய் டாட் கவ் டாட் இன். இதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதலில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் வேர்ப் பேரேட்டில் கேட்கிறோம். அதற்குப் புதுச்சேரி எங்கே என்று தெரியாது. ஆனால் இன் என்று முடிவதெல்லாம் யார் பொறுப்பு என்று தெரியும். அங்கே போனால், கவ் பகுதியை யார் பார்க்கிறார் என்று சொல்வார்கள். அங்கே போனால் பி.ஒய் கிடைக்கும். நாளைக்குப் புதுச்சேரி தன் யந்திரத்தை மாற்றினால் தன் ரிஜிஸ்டரில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். டெல்லிக்கோ கலிபோர்னியாவுக்கோ எழுத வேண்டியதில்லை. தாலுகா அலுவலகத்தில் முடிய வேண்டிய காரியம் தாலுகாவிலேயே முடிகிறது.

ஒவ்வொரு தடவையும் மேலிருந்து கீழே கேட்டுக்கொண்டிருந்தால் வேர்ப் பேரேட்டு அலுவலகத்தில் கூட்டம் தாங்காது. அதற்கும் வழி வைத்தார். ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொண்டதை நடுவில் இருப்பவர் நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு பதிவிலும் அதன் சொந்தக்காரரே ஒரு கெடு எழுதியிருப்பார்: இந்த நகல் இத்தனை விநாடி வரை செல்லும், பிறகு கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வந்து கேள். ஒரு நாள் என்றால் 86,400 விநாடி. அரசு அலுவலகத்தில் ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்திக் கொடுத்த காகிதம் 20 வருடம் கழித்தும் வந்து நின்று உரிமை கேட்பதைப் பார்த்தவன் நான். நகலுக்குக் காலாவதி நேரம் போட்டவரின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

மேல்படியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 1984 அக்டோபரில் முடிவானது: காம், எஜு, கவ், மில், ஆர்க், பிறகு ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டெழுத்து. நெட் கொஞ்சம் தள்ளி வந்தது. 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி முதல் டாட் காம் பெயரைப் பதிவு செய்தது. அந்த வருடம் முழுக்க டாட் காமில் பதிவானவை மொத்தம் ஆறு. யாரும் அடித்துக்கொள்ளவில்லை, பதிவுக்குக் காசும் கிடையாது. 1989 அக்டோபரில் யந்திரங்கள் 1,59,000 ஆகிவிட்டன. ஒரே பட்டியல் என்ற பழைய ஏற்பாடு இருந்திருந்தால் எப்போதோ மூச்சு நின்றிருக்கும். 1995 செப்டம்பரில் பெயருக்கு வருடத்துக்கு 50 டாலர் கட்டணம் வந்தது. அதன் பிறகு பெயர் என்பது மனைக்கட்டு மாதிரி ஆயிற்று. வாங்கிப் போட்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் ஆட்கள் வந்தார்கள்.

கீழே எவ்வளவு பிரித்தாலும் உச்சியில் ஒரே ஒரு பக்கம் பிரிக்க முடியாமல் நிற்கிறது. அதுதான் வேர்ப் பேரேடு. அதன் அசல் யார் கையில்?

1998ல் அது வர்ஜீனியாவில் அமெரிக்க அரசின் ஒப்பந்தம் பெற்ற ஒரு கம்பெனியின் யந்திரத்தில் இருந்தது. மற்ற 12 வேர் யந்திரங்கள் அதிலிருந்து நகல் எடுத்துக்கொண்டிருந்தன. ஜனவரி 28 அன்று போஸ்டல் அந்த 12 பேரில் எட்டுப் பேருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இனி நகலை என் யந்திரத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. எட்டுப் பேரும் மறுபேச்சில்லாமல் அப்படியே செய்தார்கள்! அரசாணை கிடையாது, கோர்ட்டு உத்தரவு கிடையாது. போஸ்டல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை மட்டும்தான். பட்டியலில் ஒரு எழுத்தும் மாறாததால் பொதுமக்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வெள்ளை மாளிகையில் மட்டும் தெரிந்தது. கிளின்டனின் ஆலோசகர் ஐரா மாகஸினர் தலையிட, போஸ்டல் பழையபடி மாற்றச் சொன்னார். சோதனைதான் செய்தேன் என்றார். அந்த வருடம் ஐகான் என்ற அமைப்பு உருவாக்கப்பட்டது. அதே வருடம் அக்டோபர் 16 அன்று போஸ்டல் காலமானார், வயது 55.

அவர் செய்தது சரியா? குமாஸ்தாவாகச் சொன்னால், எழுத்தில் உத்தரவு இல்லாமல் அசல் ரிஜிஸ்டரை மேசை மாற்றக் கூடாது. ஆனால் அன்றைக்கு வரை எழுத்தில் எந்த உத்தரவும் இல்லாமலே அந்த மனிதர்தான் அதைக் காத்து வந்திருக்கிறார் என்பதும் உண்மை. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. போஸ்டலுக்குப் பிறகும் அந்தப் பக்கத்தில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அமெரிக்க வணிகத் துறையின் ஒப்புதல் வேண்டியிருந்தது. 2016 செப்டம்பர் 30ஓடு அந்த ஒப்பந்தம் முடிந்து, பொறுப்பு முழுக்க ஐகானிடம் போனது. செய்தித்தாளில் உள்பக்கத்தில்கூட அதைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

வேர் யந்திரங்கள் ஏ முதல் எம் வரை 13 எழுத்துகளில் இன்றும் இருக்கின்றன. ஏன் 13 என்றால், அக்காலத்தில் பதில் அனுப்பும் பொட்டலம் 512 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் அவ்வளவு பெயர்தான் அடங்கும். ஒவ்வொரு எழுத்தின் பின்னாலும் உலகம் முழுக்கப் பல யந்திரங்கள், மொத்தம் ஆயிரத்துக்கு மேல். பெரும்பான்மை அமெரிக்கர்கள் நடத்துவது. ஸ்வீடன், நெதர்லாந்து, ஜப்பான் ஆகிய இடங்களில் தலைமையகம் கொண்ட அமைப்புகளிடமும் ஒவ்வொன்று இருக்கிறது.

இந்தப் பேரேடு நமக்கு எவ்வளவு அத்தியாவசியம் என்று எல்லோரும் ஒரே நாளில் பார்த்தோம். 2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை ராத்திரி சுமார் ஒன்பது மணி. வாட்ஸ்அப் நின்றது. உங்களில் பலர் போனை அணைத்துப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். நடந்தது இதுதான்: ஃபேஸ்புக் கம்பெனியின் உள் வலைப்பின்னலில் பராமரிப்பு வேலை செய்தபோது இணைப்புகள் அறுந்தன. அவர்களுடைய பெயர்ப் பேரேட்டு யந்திரங்கள், உள்ளே தொடர்பு இல்லை என்று கண்டதும், விதிப்படி தங்களையே வெளியுலகத்திலிருந்து விலக்கிக்கொண்டன. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எல்லா யந்திரங்களும் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தன. அவை எங்கே இருக்கின்றன என்று சொல்ல ஆள் இல்லை. சுமார் ஆறு மணி நேரம். நான் முதலில் சொன்ன தொலைந்த ஃபைல் மாதிரிதான்.

இதுவரை சொன்னது பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தருவது. டெலிபோன் டைரக்டரிக்கு இன்னொரு உபயோகம் உண்டு. பெயர் தெரியாது, ஆனால் முத்தியால்பேட்டையில் ஒரு பிளம்பர் வேண்டும். இப்படிக் குணத்தைச் சொல்லி ஆளைத் தேடுவது வேறு வேலை. இந்தத் துறையில் பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்கர்களை முந்திக்கொண்டார்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்ற பாசத்தில் சொல்லவில்லை, சரித்திரம் அப்படி.

பிரான்சில் 1970களில் டெலிபோன் இணைப்புகள் வேகமாகப் பெருகின. வருடா வருடம் டைரக்டரி அச்சிட்டு மாளவில்லை. அச்சிட்டு முடிக்கும்போதே பழசாகிவிடும். அதற்குப் பதிலாக வீட்டுக்கு வீடு ஒரு சின்னத் திரையும் கீபோர்டும் இலவசமாகக் கொடுத்துவிடலாம் என்று டெலிபோன் இலாகா கணக்குப் போட்டது. அதுதான் மினிடெல். 1980ல் பிரித்தானியப் பகுதியில் சேன் மாலோவில் சோதனை, 1983ல் அந்த மாவட்டம் முழுக்க, பிறகு நாடு முழுக்க. 3611 சுழற்றினால் மின் அன்யுவேர், அதாவது டைரக்டரி வரும். முதல் மூன்று நிமிடம் இலவசம். பெயர், தொழில் வகை, ஊர், மாவட்டம், முகவரி, முதற்பெயர் என்று கட்டங்கள். தெரிந்ததை நிரப்பினால் போதும். எழுத்துப்பிழையோடு தட்டினாலும் உச்சரிப்பை வைத்துக் கண்டுபிடித்துக் கொடுக்கும். நம் ஊர் சொல்தா குடும்பங்களின் பெயர்களை பிரெஞ்சில் எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். 1990களில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட மினிடெல்கள் இருந்தன. 2012 ஜூன் 30 அன்று சேவையை நிறுத்தினார்கள்.

டெலிபோன் இலாகாக்கள் இந்த எண்ணத்தை உலக அளவுக்குக் கொண்டுபோக நினைத்தன. 1988ல் எக்ஸ் 500 என்ற சர்வதேச விதிமுறை வந்தது. நாடு, அதற்குள் நிறுவனம், அதற்குள் பிரிவு, அதற்குள் ஆள் என்று ஒரு பெரிய மரம். உலகத்திலுள்ள எல்லாரும் அதில் ஒரு கிளையில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது கனவு. விதிமுறை கனமானது, சாதாரண யந்திரத்தில் ஓடவில்லை. 1993ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹௌஸும் வேறு இருவரும் அதை இளைக்கவைத்து எல்டாப் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது பிழைத்தது. 2000ல் மைக்ரோசாஃப்ட் தன் ஆக்டிவ் டைரக்டரியை இதன் மேல் கட்டியது. இன்று பெரிய அலுவலகங்களில் காலையில் உங்கள் பிள்ளைகள் பெயரும் பாஸ்வேர்டும் தட்டி உள்ளே போவது பெரும்பாலும் இந்தப் பேரேட்டில் பார்த்த பிறகுதான். இடையில் ஒரு வேடிக்கை. சன் கம்பெனி தன் அலுவலக டைரக்டரி மென்பொருளுக்கு எல்லோ பேஜஸ் என்று பெயர் வைத்தது. பிரிட்டிஷ் டெலிகாம், அது எங்கள் டிரேட்மார்க் என்றது. பெயர்ச் சேவையே பெயர் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

எக்ஸ் 500ல் ‘ஆள்’ என்ற பதிவில் இரண்டு கட்டங்களைக் காலியாக விட முடியாது. ஒன்று வழங்கும் பெயர். இன்னொன்று சர்நேம், குடும்பப் பெயர். எல்டாப்பும் அதையே எடுத்துக்கொண்டது. தமிழனுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்வோம், தீர்ந்தது. அலுவலகங்களில் கணக்குத் திறப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், இன்ஷியலையே குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுகிறார்கள், இல்லாவிட்டால் ஒரு புள்ளி வைக்கிறார்கள், அதுவும் இல்லாவிட்டால் பெயரையே இரண்டு முறை எழுதுகிறார்கள்.

பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. நம் ஊரில் இந்தக் கட்டம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, தங்கள் சொந்தச் சட்ட முறையைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்பியவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். ரெனோன்சான் என்று நாம் சொல்லும் குடும்பங்கள் அப்படி வந்தவை. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லாபோர்த் ஆனார். அந்தச் சொல்லுக்குக் கதவு என்று பொருள். துறக்காதவர்களையும் கட்டம் விடவில்லை. பள்ளியில் நோம், ப்ரெநோம் என்று இரண்டு கட்டம் உண்டு. என் அப்பா பெயர் நோம் கட்டத்தில் ஏறியது. பிரெஞ்சு வழக்கப்படி மாணவனை நோம் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆக, 11 வருடம் வகுப்பில் தினமும் என் அப்பா பெயருக்கு நான் ‘பிரஸான்’ சொல்லி எழுந்து நின்றேன். வீட்டில் அம்மாகூட அந்தப் பெயரை வாயால் சொல்லாத காலம் அது.

யந்திரப் பெயர்களுக்கும் கட்டம் இருந்தது என்று சொன்னேன்: ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு. அமெரிக்கர்கள் தங்கள் யந்திரங்களுக்காக எழுதிய விதி. அது உலகத்துக்கே விதியாகி, சீனரும் அரபியரும் தமிழரும் ரோமன் எழுத்தில்தான் பெயர்ப்பலகை மாட்ட முடியும் என்றானது. 1998ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ என்ற பேராசிரியரின் குழு இதை உடைக்க முயன்ற முன்னோடிகளில் ஒன்று. 2003ல் சர்வதேச விதிமுறை வந்தது. அதிலும் வேர்ப் பேரேட்டில் கை வைக்கவில்லை. வேறு எழுத்தில் இருக்கும் பெயரை ஒரு கணக்குப்படி ரோமன் எழுத்துக் கோவையாக மாற்றி, முன்னால் எக்ஸ், என், இரண்டு சிறு கோடு என்று ஒரு அடையாளம் போட்டு அனுப்பினார்கள். பழைய பேரேட்டுக்காரர் அதையும் வழக்கமான ஒரு பெயர் என்று பதிந்துகொள்வார்.

2007 அக்டோபரில் வேர்ப் பேரேட்டில் சோதனைக்காக 11 பெயர்களை ஏற்றினார்கள். அரபு, சீனம், ரஷ்யன், கிரேக்கம், இந்தி என்று போகும் அந்த வரிசையில் தமிழும் உண்டு. உலகத்தின் உச்சிப் பேரேட்டில் ஏறிய முதல் தமிழ்ச் சொல் என்ன தெரியுமா? பரிட்சை. ‘உதாரணம் டாட் பரிட்சை’ என்பது முழு முகவரி. பரீட்சை என்று நெடிலில் இருக்க வேண்டும் என்று நம் பழைய தமிழாசிரியர்கள் சிவப்பு மையில் சுழித்திருப்பார்கள். ஆனால் பேரேட்டில் ஏறியது ஏறியதுதான், குறிலாகவே இருந்தது. சோதனை முடிந்து 2013ல் எடுத்துவிட்டார்கள்.

அதற்குள் நிரந்தரமானவை வந்துவிட்டன. 2010ல் இலங்கை, அடுத்த வருடம் சிங்கப்பூரும் இந்தியாவும். மூன்றும் தமிழ் எழுத்தில் வேர்ப் பேரேட்டில் இருக்கின்றன, நாட்டுக்கு ஒரு வரியாக. திரையில் ‘இந்தியா’ என்று தமிழில் தட்டினாலும் உள்ளே போகும் காகிதத்தில் எக்ஸ், என், இரண்டு கோடு என்றுதான் எழுதிப் போகிறது. 24 எழுத்து வரம்பு எப்போதோ போய்விட்டது, இப்போது புள்ளிக்குப் புள்ளி 63 எழுத்து வரை வைத்துக்கொள்ளலாம். ரோமன் எழுத்தும் எண்ணும் சிறு கோடும் மட்டும் என்ற வழக்கம் அந்தக் காகிதத்தில் அப்படியேதான் இருக்கிறது.